ஆர்டித் ரிவர்ஸ் எடுத்த வெள்ளிக்கிழமை

ஆல்டர் ஏரி மாநிலப் பூங்காவில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு நாங்கள் யாரும் ஏரிப் பக்கம் போக மாட்டோம். மீன் நன்றாகக் கடிக்கிற நேரம்தான், தெரியும். இருந்தாலும் மடக்கு நாற்காலியைச் சாலைப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிடுவோம். அன்றைக்குத் தங்க வருகிறவர்களை நாலு மணிக்கு மேல்தான் உள்ளே விடுவார்கள். ஒவ்வொருவரும் பிக்கப் வண்டிக்குப் பின்னால், உள்ளேயே சமைத்துப் படுத்துக்கொள்கிற இருபத்தைந்து அடி டிரெய்லரை மாட்டிக்கொண்டு வந்து, தன் இடத்துக்குள் ரிவர்ஸ் எடுத்து நிறுத்த வேண்டும். புருஷன் ஓட்டுவான், பெண்டாட்டி பின்னால் நின்று கை காட்டுவாள். கால் மணி நேரத்தில் முப்பது வருஷக் கல்யாணம் சந்தி சிரிக்கும். இதைவிட நல்ல பொழுதுபோக்கு மின்னசோட்டா முழுக்கத் தேடினாலும் கிடைக்காது.

எங்கள் வரிசைக்கென்று ஒரு சட்டம் உண்டு. மூன்று தடவை முயன்று பார்க்கலாம். அதுவரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது, உதவுகிறேன் என்று எழுந்திருக்கவும் கூடாது. மூன்றும் சொதப்பினால் யாராவது ஒருவர் மெதுவாக எழுந்து போய், இந்த இடம் கொஞ்சம் வில்லங்கமான இடம்தான் என்று ஆறுதலாகச் சொல்லிச் சாவியை வாங்கிக்கொள்வார். வண்டி உள்ளே போனதும் பத்துக்கு எத்தனை என்று காகிதத் தட்டில் எழுதித் தூக்கிக் காட்டுவோம். இந்தத் தட்டு வேலையை ஆரம்பித்துவைத்தவன் நான்தான். என் பெயர் மெர்ல், முப்பதாம் இடம். பத்து யாருக்கும் லேசில் கொடுக்க மாட்டேன். அதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், ஒன்றும் இல்லை. 2011-இல் ரிவர்ஸ் எடுக்கிறேன் பேர்வழி என்று தண்ணீர்க் குழாயைச் சாய்த்து, ஒரு நாள் முழுக்க வரிசைக்கே தண்ணீர் இல்லாமல் செய்தவன் நான். அன்றிலிருந்து முப்பத்தொன்றாம் இடத்து ஆர்டித் கோல்ஸ்டாட் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. குழாய் என்றுதான் கூப்பிடுவாள். அவள் கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

ஆர்டித் முப்பத்து நாலு வருஷம் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்த்தவள். முந்நூறு பிள்ளைகளைக் கரண்டியைக் காட்டியே வரிசையில் நிற்கவைத்த கை அது. ஓய்வுபெற்ற பிறகு அந்தக் கைக்கு எங்கள் மேல் வேலை வந்துவிட்டது. வெளியூர் விறகைக் கொண்டுவராதீர்கள், மரம் துளைக்கிற வண்டு கூடவே வந்துவிடும் என்று பூங்கா வாசலில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். நாங்கள் எல்லோரும் அதைப் படித்துவிட்டு, தார்ப்பாய்க்கு அடியில் நாலு கட்டையை ஒளித்துக் கொண்டுவருகிற ஜாதி. ஆர்டித் வந்து தார்ப்பாயைத் தூக்கிப் பார்ப்பாள். எந்த ஊர் மரம் இது என்று கேட்பாள். பூங்கா ஊழியர்களே அவ்வளவு கறார் கிடையாது. நன்றாகத் திட்டிவிட்டு, அன்றைக்கே ஒரு பாத்திரம் ஹாட்டிஷ் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். அடியில் கொத்துக்கறி, மேலே மொறுமொறுவென்று உருளைக்கிழங்கு. அதைத் தின்றுகொண்டேதான் அவளைப் பற்றிப் புறம் பேசுவோம்.

முப்பத்தொன்றாம் இடம் சும்மா கிடைக்கிற இடம் இல்லை. ஏரி அங்கிருந்து முழுசாகத் தெரியும். பதிவு செய்ய வேண்டுமென்றால் நூற்றிருபது நாளுக்கு முன்னால் காலை எட்டு மணிக்குச் செய்தாக வேண்டும். எட்டு மணி ஒரு நிமிஷத்துக்கு முயன்றால் பெப்பேதான். ஆர்டித் ஏழே முக்காலுக்கே கம்ப்யூட்டர், இரண்டு போன், ஒரு ஃபிளாஸ்க் காபி சகிதம் மேசையில் உட்கார்ந்துவிடுவாள். அந்தக் கால் மணி நேரம் அவள் புருஷன் ஹார்லன் தும்மினால்கூடத் திட்டு விழும். இப்படியே இருபத்தாறு ஜூலை மாதம் அந்த இடத்தை யாருக்கும் விடாமல் பிடித்துவைத்திருந்தாள்.

இடம் அழகுதான், ஆனால் உள்ளே நுழைவது பெரும் பாடு. ஓட்டுகிறவருக்கு இடது பக்கம் வாயிலிலேயே ஒரு பெரிய கருவாலி மரம். வலது பக்கம் சிமென்ட் போட்டு நட்ட சாப்பாட்டு மேசை. நடுவில் டிரெய்லர் போக எவ்வளவு இடம் வேண்டுமோ அதற்கு மேல் இரண்டு சாண்தான் மிச்சம். ஹார்லன் ஒவ்வொரு வருஷமும் ஒரே மூச்சில் உள்ளே விட்டு நிறுத்துவான். என் கையால் பத்து வாங்கிய ஒரே ஆள் அவன்தான். வண்டிக்குப் பின்னால் நின்று கரண்டி பிடித்த கையால் இடம் வலம் காட்டிக்கொண்டிருப்பாள் ஆர்டித். இந்தக் கதை நடக்கிறவரை அவளுக்கு ஒரு தட்டுக் காட்ட வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. அதை நினைத்தால் இப்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இந்தக் கதை நடந்ததற்கு முந்தின நவம்பரில் ஹார்லனுக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் பிழைத்துக்கொண்டது, பேச்சும் தப்பியது. ஆனால் இரண்டு கண்ணிலும் இடது பக்கத்துப் பார்வை போய்விட்டது. நேராகப் பார்த்தால் வலது பாதி தெரியும், இடது பாதி இருக்கிறது என்றே அவனுக்குத் தெரியாது. தட்டில் வலது பக்கம் இருப்பதைச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் போடேன் என்பானாம். லைசென்ஸை வாங்கிக்கொண்டுவிட்டார்கள். குளிர்காலம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று ஆர்டித் என் மனைவி ஜானிஸிடம் போனில் சொல்லியிருக்கிறாள். ஜூலையில் ஏரியைப் பார்க்காவிட்டால் இந்த மனுஷன் இப்படியே உட்கார்ந்துவிடுவான் என்றும் சொன்னாளாம். ஆர்டித் அழுது ஜானிஸ் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

ஹார்லனுக்கு ஒரு தம்பி, வெண்டல். அறுபத்து மூன்று வயதில் இன்னும் இருபத்தொன்பதாம் இடத்தில் கூடாரம் அடித்துத் தரையில் படுப்பவன். முதுகு போய்விட்டது, காலையில் எழுந்து நிமிரவே பத்து நிமிஷம் ஆகும். அண்ணன் டிரெய்லரின் மெத்தை மேல் அவனுக்கு ரொம்ப நாளாகவே ஒரு கண். மார்ச் மாதம் ஆர்டித் இடத்தைப் பதிவு செய்த அன்றைக்கு அவன் போய், இனிமேல் யார் ஓட்டப்போகிறார்கள், டிரெய்லரை என்னிடம் கொடுத்துவிடுங்கள், நீங்கள் பகலில் வந்து பார்த்துவிட்டுப் போகலாமே என்று பக்குவமாகச் சொல்லியிருக்கிறான். நான் ஓட்டுகிறேன் என்றாளாம் ஆர்டித். வெண்டல் சிரித்துவிட்டான். அங்கேதான் தப்புப் பண்ணினான். மூன்று தடவைக்குள் முப்பத்தொன்றில் நிறுத்தாவிட்டால் டிரெய்லரை நீயே எடுத்துக்கொண்டு போ என்று புருஷன் முன்னாலேயே வாக்குக் கொடுத்துவிட்டாள் அவள். மறுநாளே எங்கள் வரிசை முழுவதற்கும் விஷயம் தெரிந்துவிட்டது. ஜானிஸிடம் சொன்னால் போஸ்டர் ஒட்டத் தேவையில்லை.

அதன் பிறகு திங்கள்கிழமைதோறும் சர்ச்சுக்குப் பக்கத்தில் கார் நிறுத்துகிற காலி இடத்தில் டிரெய்லரைக் கொண்டுபோய்ப் பழகியிருக்கிறாள். காலி ஐஸ்கிரீம் வாளிகளை மரமென்றும் மேசையென்றும் வைத்துக்கொள்வாளாம். ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தால் டிரெய்லர் வலது பக்கம் போகும், வலது பக்கம் ஒடித்தால் இடது பக்கம் போகும். சொல்லச் சுலபம், கைக்குப் புரிய ரொம்ப நாள் பிடிக்கும். பதினோரு வாளியை நசுக்கியிருக்கிறாள். ஜூன் மாதக் கடைசியில் ஒரு வாளிக்கும் சேதம் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. வெண்டல் மத்தியானமே வந்து கூடாரம் அடித்துவிட்டான். அவன் பிக்கப்பிலிருந்து ஐஸ்பெட்டியை இறக்க நான் கை கொடுத்தபோது, பின்னால் ஒரு பலகை போர்வை சுற்றிக் கிடந்தது. ஓரம் விலகியிருந்ததால் எட்டிப் பார்த்தேன். டிரெய்லர் வாசலில் குடும்பப் பெயரைச் செதுக்கி மாட்டுவார்களே, அந்த மாதிரிப் பலகை. 'வெண்டல் கோல்ஸ்டாட், இடம் 31' என்று சூடு போட்டு எழுதி, பளபளவென்று வார்னிஷ் அடித்திருந்தது. எனக்குச் சுருக்கென்றது. ஆனால் நான் வாயை மூடிக்கொண்டேன். நாங்கள் இந்த ஊர்க்காரர்கள், முகத்துக்கு நேரே எதையும் சொல்ல மாட்டோம்.

நாலே காலுக்கு அவர்கள் வந்தார்கள். ஆர்டித் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஹார்லன் இறங்கி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, டிரெய்லருக்குப் பின்னால் போய் நின்றான். இருபத்தாறு வருஷம் அவள் நின்ற இடம். கை காட்டுவது தன் வேலை என்று அவனே முடிவு செய்துகொண்டு வந்திருந்தான், அவளால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. வரிசையில் பன்னிரண்டு நாற்காலி. ஒரு பயல் மூச்சு விடவில்லை.

முதல் தடவை படுமோசம். பழகியதெல்லாம் எங்கே போனதோ, ஸ்டியரிங்கை மாற்றி ஒடித்துவிட்டாள். டிரெய்லர் மடங்கிக்கொண்டு முப்பத்தொன்றை விட்டுவிட்டு என் இடத்தைப் பார்த்து வந்தது. நான் நாற்காலியோடு எழுந்து ஓடினேன். அவள் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து, "குழாய், நீ ஏன் ஓடற, உன் பக்கத்துல குழாய்கூட இல்லியே" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் விடவில்லை, வண்டி உள்ளே போகும் முன்பே பத்துக்கு மூன்று என்று எழுதித் தூக்கிக் காட்டினேன். அதுவே அதிகம்.

இரண்டாவது தடவை வண்டியை முன்னால் எடுத்து, நிதானமாகப் பின்னால் விட்டாள். அழகாக வந்தது. டிரெய்லரின் பின்பாதி வாயிலுக்குள் நுழைந்துவிட்டது. ஹார்லன் இரண்டு கையையும் ஆட்டி, வா வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். இடது பக்கச் சுவர் நேரே கருவாலி மரத்தை நோக்கிப் போனது. அவனுக்கு நாலடி தள்ளி இருக்கிறது மரம். அவன் வா வா என்கிறான். பன்னிரண்டு பேருக்கும் தெரிகிறது, அவனுக்குத் தெரியவில்லை. கத்தக் கூடாது என்பது சட்டம். ஆர்டித் கண்ணாடியில் மரத்தைப் பார்த்து பிரேக்கை மிதித்தபோது நடுவில் ஒரு சாண் இடைவெளிதான் இருந்தது. வண்டி நின்ற பிறகும் ஹார்லனின் கை ஆடிக்கொண்டிருந்தது. அப்புறம்தான் எங்கள் முகங்களைப் பார்த்தான். கையை இறக்கினான். யாரும் தட்டைத் தொடவில்லை.

வெண்டல் எழுந்தான். எழுந்து வண்டிப் பக்கம் நடந்தான். போதும் ஆர்டித், அண்ணனை எல்லார் முன்னாலயும் இன்னும் சங்கடப்படுத்தாதே, சாவியைக் கொடு என்று நல்லவன் மாதிரிக் கேட்டான். எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ தெரியாது. இருபது வருஷமாக யாரிடமும் குரல் உயர்த்தாதவன் நான்.

"உக்காருப்பா வெண்டல். ரெண்டுதான் ஆச்சு" என்றேன்.

வெண்டல் உட்காரவில்லை, ஆனால் நின்ற இடத்திலேயே நின்றான். ஆர்டித் வண்டியை விட்டு இறங்கி ஹார்லனிடம் போனாள். என் நாற்காலி பக்கத்திலேயே இருந்ததால் அவர்கள் பேசியது அத்தனையும் எனக்குக் கேட்டது.

"ஹார்லன், மரம் தெரிஞ்சுதா உனக்கு?"

அவன் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டான். பிறகு, "எந்த மரம்?" என்றான்.

இருபத்தாறு வருஷமாக அந்த மரத்தின் நிழலில் சாப்பிட்டவன். ஜானிஸ் எழுந்து, காபி ஆறிப்போச்சு என்று சம்பந்தமில்லாமல் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"சரி வா. வந்து வண்டில ஏறு" என்றாள் ஆர்டித்.

"நான் ஏறிட்டா இங்க நின்னு யாரு கை காட்டறது?"

"கை வேணாம் எனக்கு. கண்ணுதான் வேணும். இடது பக்கம் என் கண்ணாடியில தெரியுது, அத நான் பாத்துக்கறேன். வலது பக்கம் எனக்கு ஒண்ணும் தெரியாது. உனக்குத்தான் வலது பக்கம் நல்லாத் தெரியுதே."

ஹார்லன் யோசித்தான். "அப்ப நாம ரெண்டு பேரும் சேந்து ஒரு டிரைவரா?"

"ஒண்ணே கால்னு வெச்சுக்க. வாய் இருக்கே உனக்கு."

அவன் வலது பக்கம் ஏறி, ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டிப் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டான். அப்படிப் பார்த்தால் டிரெய்லரும் மேசையும் அவனுக்குத் தெரிகிற பக்கத்திலேயே வந்துவிடும். அந்த இரண்டு பேரும் ஒரே வண்டியில் உட்கார்ந்து ரிவர்ஸ் எடுத்து நாங்கள் பார்த்ததே இல்லை. சத்தம் இருக்கிறதே, அப்பப்பா. மேசை வருகிறது என்பான் அவன். எவ்வளவு என்பாள் இவள். ஒரு கை அகலம் என்பான். யார் கை, உன் கையா என் கையா என்பாள். பேசிக்கொண்டு வராதே, ஒடி என்பான். ஒடிச்சாச்சு, நீ மரத்தைப் பத்திக் கவலைப்படாதே, அது என் மரம் என்பாள். டிரெய்லர் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே ஊர்ந்தது. மரம் தாண்டியது. மேசை தாண்டியது. ஹார்லன் நிறுத்து என்றான், அவள் நிறுத்தினாள். நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது.

தட்டுகள் உயர்ந்தன. ஒன்பது, பத்து, பத்து. உள்ளிருந்து ஓடி வந்த ஜானிஸ் பேனா கிடைக்காமல் பத்து விரலையும் விரித்துக் காட்டினாள். நான் ஒரு தட்டில் பத்து என்று எழுதினேன். பிறகு அத்தனை வருஷம் பின்னால் நின்ற அந்தக் கையை நினைத்துக்கொண்டேன். இன்னொரு தட்டை எடுத்து அதிலும் பத்து எழுதி, இரண்டு கையிலும் தூக்கிப் பிடித்தேன். ஆர்டித் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே, தட்டை வீணாக்காதே குழாய், ஹாட்டிஷ் சாப்பிட வேண்டாமா என்று கேட்டாள்.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் டிரெய்லரைச் சமன் பார்க்க வேண்டும் அல்லவா. ஹார்லன் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தான். குமிழி ஓரமாக ஒதுங்கியது, வலது பக்கம் ஓர் அங்குலம் தாழ்வு. சக்கரத்துக்கு அடியில் வைக்கிற பலகைகளைத் தேடினார்கள். இல்லை. கடைசித் திங்கள்கிழமை வாளிகள் காற்றில் ஓடாமல் இருக்க ஆர்டித் அவற்றின் மேல் அந்தப் பலகைகளை வைத்திருக்கிறாள். வாளிகளை மட்டும் எடுத்துவந்துவிட்டாள். பலகைகள் நூறு மைலுக்கு அப்பால் சர்ச் வாசலில் கிடக்கின்றன. விறகைத் துண்டுபோட்டு வைக்கலாம் என்று யாரோ சொன்னார்கள், உருண்டையாக இருக்கும், சக்கரம் நிற்காது. அவள் முகம் விழுந்துவிட்டது. சாய்ந்த டிரெய்லரில் இரண்டு வாரம் தூங்கினால் ஹார்லனுக்குத் தலை சுற்றும்.

நான் மத்தியானம் மூடிய வாயைத் திறந்தேன்.

"வெண்டல் வண்டில ஒரு பலகை இருக்கு" என்றேன்.

வெண்டல் என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்து போயிருக்க வேண்டும். ஆர்டித் அவன் பிக்கப்புக்குப் போய்ப் போர்வையை விலக்கினாள். படித்தாள். இரண்டாவது தடவையும் படித்தாள் என்று நினைக்கிறேன், அவ்வளவு நேரம் நின்றாள். வெண்டலின் காது சிவந்துபோனது.

"கருவாலி மரமா?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றான் அவன், தரையைப் பார்த்து.

"எந்த ஊர் மரம்?"

"கடையில வாங்கினது. நல்லா உலர வெச்சது. பூச்சி கீச்சி எதுவும் இருக்காது."

"ஒரு அங்குலம் இருக்குமா?"

"ஒண்ணே கால்."

"சரியாப் போச்சு" என்றாள். வெண்டலே பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தான், முதுகைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டு வலது சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்தான். எழுத்து மேலே தெரிகிற மாதிரி வைத்திருந்தான். ஆர்டித் குனிந்து அதைத் திருப்பிப் போட்டாள். பெயர் மேல் சக்கரம் ஏறினால் நன்றாக இருக்காது என்றாள். வண்டியில் ஏறி ஓர் அடி முன்னால் எடுத்தாள், சக்கரம் பலகை மேல் ஏறி உட்கார்ந்தது. ஹார்லன் ரசமட்டத்தை வலது பக்கமாகத் தள்ளி வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தான். குமிழி நடுவில் நின்றது.

"பரவாயில்ல" என்றான் பெண்டாட்டியைப் பார்த்து.

எங்கள் ஊரில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. கல்யாணத்தன்றுகூட அவன் அவளிடம் அவ்வளவுதான் சொல்லியிருப்பான். ஆர்டித் அதைக் கேட்ட பிறகுதான் எஞ்சினை நிறுத்திச் சாவியை உருவிக்கொண்டு இறங்கி வந்தாள். மேசை மேல் உட்கார்ந்துவிட்டாள். ஹார்லன் நாற்காலியை எடுத்து, மரத்தை இடது பக்கத்தில் விட்டு, ஏரி முழுவதும் தனக்கு வலது பக்கம் வருகிற மாதிரித் திருப்பிப் போட்டுக்கொண்டான். அந்த இரண்டு வாரமும் அந்த நாற்காலியிலிருந்து அவனை எழுப்புவது பெரும்பாடாக இருந்தது.

வெண்டலுக்கு அன்றைக்கும் ஹாட்டிஷ் போனது, மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடவே. அவன் இப்போதும் கூடாரத்தில்தான் படுக்கிறான். பலகை முப்பத்தொன்றாம் இடத்து டிரெய்லரில்தான் இருக்கிறது. ஒவ்வொரு ஜூலையும் அதை எடுத்து வலது சக்கரத்துக்கு அடியில் வைப்பது வெண்டல்தான், பெயரைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பி.